மாலைதீவுப் பாடசாலையை விட்டு வேறு வேலைக்கு மாறுவதா, ஊருக்கே திரும்புவதா?

பரந்தன் ரீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த ஆங்கில ஆசிரியை. மாலைதீவில் கற்பித்தவர்களும், அங்கிருந்து வேறு நாட்டுக்கு மாறியவர்களும், ஊருக்குத் திரும்பி வந்தவர்களும் இந்தக் களத்தில் இருப்பதால், அடுத்த சில மாதங்களுக்குள் நான் எடுக்கவேண்டிய முடிவொன்றைப் பற்றி உங்களிடம் விரிவாகவே கேட்க விரும்புகிறேன்.

எங்களுடையது இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் குடும்பம். 2021 ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்ததைத் தொடர்ந்து வந்த காலபோகத்தில், வயலில் போட்ட முதல்கூடத் திரும்பவில்லை. அடகு வைத்த நகைகளை மீட்க வழியில்லாமல் இருந்த வேளையில், 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. எனது சம்பளத்தில் அரிசி, மா, பால்மா ஆகியவற்றை வாங்கிய பின் பேருந்துக்குக் கொடுக்கவும் மிச்சம் இருக்கவில்லை. அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று வேலை செய்யலாம் என்ற சுற்றறிக்கை அந்த ஆண்டில்தான் வெளிவந்தது. அதன்படி விடுமுறை பெற்று, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து, மாலைதீவின் வடபகுதியிலுள்ள சிறிய தீவொன்றின் அரசாங்கப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கு திவேகி மொழியும் இஸ்லாமும் தவிர்ந்த ஏனைய பாடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. 1960 களில் ஆங்கில மொழிமூலக் கல்வியை இவர்கள் தொடங்கியபோதே இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள். இப்போதும் எங்கள் பாடசாலையில் உள்ளூர் ஆசிரியர்களோடு இந்தியரும் இலங்கையருமாகப் பலர் இருக்கிறோம். எனக்கு 6 ஆம் தரம் முதல் 8 ஆம் தரம்வரை வகுப்புகள். பிள்ளைகள் யூரியூப்பையும் கணினி விளையாட்டுகளையும் பார்த்துப் பழகியதால் மடைதிறந்தாற்போல் ஆங்கிலம் பேசுவார்கள். ஆனால் ஒரு பந்தி எழுதச் சொன்னால் முற்றுப்புள்ளியே இல்லாமல் பக்கம் முழுவதும் ஓடும். திவேகி எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வதால், வராத ஆசிரியருக்குப் பதிலாகக் கீழ்வகுப்புகளுக்குச் செல்லும் நாட்களில், சின்னப்பிள்ளைகள் சிலர் ஆங்கிலக் கொப்பியையும் பின்பக்கத்திலிருந்தே திறந்து வைத்திருப்பதைக் காண்பேன். எங்கள் வன்னிப் பிள்ளைகளோ செயப்பாட்டு வினைப் பயிற்சியைப் பிழையில்லாமல் நிரப்பி முடித்துவிட்டு, பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்பவர்கள். இந்த இரண்டு வகுப்பறைகளிலும் நின்றதால் எனது கற்பித்தல் முறை மாறியிருக்கிறது என்பதை மனநிறைவோடு சொல்வேன்.

வாழ்க்கையைப் பொறுத்தவரை, தீவைச் சுற்றி நடந்துவர அரை மணி நேரம் போதும். மரக்கறி தலைநகர் மாலேயிலிருந்து வரும் சரக்குப் படகில்தான் வரும். கடல் கொந்தளித்தால் அது பிந்தும், அந்த நாட்களில் பருப்பும் மீனும் தேங்காய்ச் சம்பலும்தான் சாப்பாடு. அயலவர்கள் நல்லவர்கள், நோன்பு மாதத்தில் மாலையானால் ஒரு தட்டு பலகாரமாவது எங்கள் அறைக்கு வந்துவிடும். வேற்றுச் சமயத்தவர் பொதுவில் வழிபடுவதற்கோ வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கோ இங்கே சட்டத்தில் இடமில்லை என்பதால், அறைக்குள் இருந்து மனதால் கும்பிடுகிறேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவைத் தொலைபேசியில் பார்ப்பது மட்டும் இன்னும் பழகவில்லை. வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். ஆகவே மகளுக்கும் எனக்கும் பொதுவான ஓய்வு நாள் சனி ஒன்றுதான். அதுவும் அவளுடைய தனியார் வகுப்புகளோடு போய்விடுகிறது. அவள் அடுத்த ஆண்டு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிறாள். கணவரும் மாமியும்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்போது என் முன்னால் உள்ளவை இவை. இதே பாடசாலையில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் மாதம் 16,000 ருஃபியாவும் இருப்பதற்கு அறையும் கிடைக்கும். மாலேயில் உள்ள தனியார் மொழி நிறுவனம் ஒன்று, வளர்ந்தவர்களுக்கு மாலை வகுப்புகளும் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கான வகுப்புகளும் எடுப்பதற்கு 19,000 ருஃபியா தருவதாகச் சொல்கிறது. தங்குமிடம் என் பொறுப்பு. மூன்றாவதாக, வியட்நாமில் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பெரும் தேவை இருப்பதாகவும், சுற்றுலா விசாவில் வந்தால் அங்கே வைத்து வேலை விசாவாக மாற்றித் தருவதாகவும் முகவர் ஒருவர் சொல்கிறார். எனக்குக் கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவும், திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விமாணிப் பட்டமும் உண்டு. நகைகள் மீட்டாயிற்று, வீட்டுக் கடனில் ஒரு பகுதி மட்டும் மிச்சம். சம்பளமற்ற விடுமுறை அடுத்த ஆண்டு இறுதியோடு முடிகிறது. திரும்பிப் போனால் பழைய பாடசாலையே கிடைக்குமா என்பதும் தெரியவில்லை. எனக்குப் பதிலாக அங்கே ஆங்கிலத்துக்கு நிரந்தர ஆசிரியர் எவரும் இன்னும் வரவில்லை என்று அதிபர் சொன்னது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.


நந்திக்கடல் எழுதியது:

வணக்கம் ரீச்சர். நான் முல்லைத்தீவைச் சேர்ந்தவன். தென்பகுதித் தீவொன்றில் அரசாங்கப் பாடசாலையிலும், பின்னர் மாலேயில் தனியார் நிறுவனம் ஒன்றிலும் ஆங்கிலம் கற்பித்துவிட்டு ஊருக்கு வந்தவன் என்பதால், நீங்கள் கேட்டவற்றில் இரண்டாவது வழியைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசமுடியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாலேயில் ஒரு தனி அறைக்கு நான் இருந்த காலத்திலேயே 7,000 ருஃபியாவுக்குக் குறைவாக ஒழுங்கான இடம் கிடைக்கவில்லை. நாட்டின் சனத்தொகையில் மிகப் பெரிய பங்கு அந்தச் சிறிய நகரத்துக்குள் நெருங்கி வாழ்வதால் வாடகை இறங்குவதற்கு வழியே இல்லை. 2018 இல் பாலம் திறக்கப்பட்ட பின் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் தங்கிப் பேருந்தில் வந்துபோகலாம் என்று சொல்வார்கள். அங்கும் வாடகை ஏறியே விட்டது, இரவு வகுப்பு முடித்துத் திரும்பும் உங்களுக்கு அது அலைச்சலும்கூட. ஆகவே 19,000 இல் வாடகை கழிந்தால் கையில் 12,000 அளவே நிற்கும். தண்ணீர், மின்சாரம், சாப்பாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள். தீவில் அறையோடு கிடைக்கும் 16,000 அதைவிடப் பெரிய தொகை. இரண்டு சம்பளமும் ருஃபியாவில்தான் வரும் என்பதை மறக்கவேண்டாம். டொலருக்கு 15.42 என்பது அரசாங்க மதிப்பு. வங்கியில் தேவையான அளவு டொலர் அந்த மதிப்பில் கிடைக்காதபோது வெளியில் கூடிய விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டியிருக்கும். அந்த இழப்பு சம்பளத் தாளில் தெரியாது.

அடுத்தது ஒப்பந்தம். மாலைதீவில் வேலை அனுமதி உங்களை வேலைக்கு எடுத்தவரோடு கட்டப்பட்டது. அரசாங்கப் பாடசாலையை விட்டு விலகித் தனியாரிடம் சேர்ந்த பின், அந்த நிறுவனம் வாய்க்கவில்லையென்றால் நினைத்த நேரத்தில் வேறொன்றுக்குத் தாவ முடியாது. நான் வேலை செய்த நிறுவனத்தில், மாணவர் தொகை குறைந்த மாதங்களில் வகுப்புகளை நிறுத்திவிட்டு அந்த மணித்தியாலங்களைச் சம்பளத்திலிருந்து கழித்தார்கள். ஒப்பந்தத்தில் "வகுப்பு நடைபெற்ற மணித்தியாலங்களுக்கு" என்று ஒரு வரி இருந்தது, அந்த வரியைக் காட்டியே வாயை அடைத்தார்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட 19,000 நிலையான மாதச் சம்பளமா, உச்ச அளவா என்பதைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

மாலே வேலையில் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பது வேறு ஒரு கலை. விருந்தகத்தில் வேலை செய்யும் இளைஞர் பகல் முழுவதும் நின்று களைத்துவிட்டு இரவு எட்டு மணிக்கு வகுப்புக்கு வந்து, வெளிநாட்டு விருந்தினருக்கு ஒரு முறைப்பாட்டுப் பதில் எப்படி எழுதுவது என்று கேட்கும்போது, பாடப்புத்தகம் உதவாது. அந்த வகுப்புகளில் பழகியதால்தான் இப்போது நான் ஊரில் க.பொ.த. உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு நேர்முகப் பரீட்சைக்கான ஆங்கிலத்தைத் துணிந்து கற்பிக்கிறேன். ஆனால் உங்களுக்கு மிச்சம் இருப்பது ஓர் ஆண்டுக்குச் சற்று அதிகமான காலம் மட்டுமே. அந்தக் காலத்துக்குள் இடம்மாறி, வீடு தேடி, புதிய நிறுவனத்தின் குணத்தை அறிந்து முடிப்பதற்குள் விடுமுறையே முடிந்துவிடும். பணத்துக்காக மாலே போவதானால் போகவேண்டாம் என்பதே என் எண்ணம்.


மல்லாவியான் எழுதியது:

அக்கா, முகவர் சொன்ன "சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்தபின் மாற்றலாம்" என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். நான் துணுக்காய்ப் பக்கத்தவன், வியட்நாமில் மொழி நிலையங்களில் கற்பிக்கிறேன். இங்கே வேலை அனுமதி இல்லாமல் வகுப்பில் நின்று பிடிபட்டால் ஆசிரியருக்கும் நிலையத்துக்கும் தண்டனை உண்டு. நிலையம் எப்படியோ தப்பிக்கொள்ளும். ஆசிரியர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படவேண்டி வரும்.

வியட்நாமில் ஆங்கில ஆசிரியருக்குத் தேவை இருப்பது உண்மை. ஆனால் ஆசிய நாடுகளில் இந்தத் தொழிலில் கடவுச்சீட்டின் நிறம் முதலில் பார்க்கப்படுகிறது. தென்கொரியாவில் மொழி ஆசிரியர் விசா ஆங்கிலத்துக்கு அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளின் குடிமக்களை மனதில் வைத்தே அமைந்திருக்கிறது. எங்களுக்கு அந்தக் கதவு மூடியதுதான். வியட்நாமில் கதவு திறந்திருக்கிறது, ஆனால் நாங்கள் உள்ளே வர அதிகத் தாள்கள் வேண்டும்: பட்டச் சான்றிதழ், ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ், எங்கள் ஆங்கிலத் தேர்ச்சியைக் காட்டும் சான்று, பொலிஸ் நற்சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ். பட்டத்தையும் பொலிஸ் சான்றிதழையும் இலங்கை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பின் கொழும்பிலுள்ள வியட்நாம் தூதரகத்தில் சட்டபூர்வமாக்கிக் கொள்ளவேண்டும். கொன்சியூலர் பிரிவுக்கு யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கிளை இருப்பதால் அந்த அலுவலுக்காக மட்டும் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. இவை அனைத்தையும் ஊரில் இருக்கும்போதே முடிக்கவேண்டும். மாலைதீவில் இருந்துகொண்டு தபாலில் முடிக்க முயன்றால் மாதக்கணக்கில் இழுபடும்.

வேலை எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன். மொழி நிலையத்தில் பிள்ளைகள் பாடசாலை விட்ட பிறகுதான் வருவார்கள். வார நாட்களில் மாலை ஐந்தரை முதல் இரவு ஒன்பது வரை, சனி ஞாயிறில் காலை தொடங்கி இரவு வரை. மகளோடு பேசுவதற்கு உங்களுக்கு இப்போது சனிக்கிழமை ஒன்றாவது இருக்கிறது. இங்கே வந்தால் அதுவும் போய்விடும், நேர வித்தியாசமும் ஒன்றரை மணி. சம்பளம் பெரும்பாலும் மணித்தியாலக் கணக்கில். சந்திரப் புத்தாண்டு விடுமுறையில் நிலையங்கள் மூடிக் கிடக்கும், அந்த நாட்களுக்கு மணித்தியால ஆசிரியருக்கு ஒன்றும் கிடைக்காது. அதே வகுப்பை வெள்ளைக்கார ஆசிரியர் எடுத்தால் அவருக்குக் கூடுதல் சம்பளம். அவருக்கு இலக்கணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இதுதான் நிலை. எனக்கு இது இன்னும் ஆறாத மனக்குறை. ஆயினும் ஒரு தவணை முடிந்தபின் பெற்றோர் தாங்களாகவே வந்து, அடுத்த தவணையும் இதே ஆசிரியர் வேண்டும் என்று கேட்டபோது, நிலையத்தார் என் மணித்தியாலங்களைக் கூட்டினார்கள். வேலையைக் காட்டினால் மதிப்பு வரும், ஆனால் பிந்தித்தான் வரும்.

தனியாளாக இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது கேட்டால், முதலில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்டா சான்றிதழைப் பெற்றுவிட்டு வாருங்கள் என்பேன். அது 120 மணித்தியாலப் பயிற்சி, அதில் ஆறு மணித்தியாலம் உண்மையான மாணவர் முன் நின்று கற்பித்துக் காட்டவேண்டும், செலவும் அதிகம். ஆனால் எந்த நாட்டில் காட்டினாலும் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் நிலையில், மகள் புலமைப்பரிசில் எழுதும் ஆண்டில் புதிய நாடொன்றில் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று: உங்கள் விடுமுறை அனுமதிக் கடிதத்தில் நாடு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவிக்காமல் நாடு மாறுவது பின்னால் தலையிடியாகும்.


பரந்தன் ரீச்சர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தம்பி மல்லாவியான், கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மாலைதீவு என்றே குறிப்பிடப்பட்டிருக்கிறது. முகவருக்கு வேண்டாம் என்று அறிவித்துவிட்டேன். நந்திக்கடல் அண்ணா சொன்னபடி மாலே நிறுவனத்திடம் சம்பளம் நிலையானதா என்று மின்னஞ்சலில் கேட்டேன். "வழக்கமாக அவ்வளவு வரும்" என்று பதில் வந்திருக்கிறது. ஆக, இப்போது உள்ள கேள்வி விடுமுறை முடியும்வரை இங்கேயே இருப்பதா, அல்லது ஒப்பந்தம் முடிந்தவுடன் திரும்பிவிடுவதா என்பதே. வலயக் கல்விப் பணிமனை நடைமுறைகள் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


பூந்தோட்டம் ஐயா எழுதியது:

மகள், நான் வவுனியாவில் ஆங்கிலப் பாடத்துக்குச் சேவைக்கால ஆலோசகராக இருந்து ஓய்வுபெற்றவன். வன்னியின் பல பாடசாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வகுப்பறையின் பின்வாங்கில் உட்கார்ந்து பாடம் பார்த்தவன். நடைமுறையை முதலில் சொல்கிறேன், என் அபிப்பிராயத்தைப் பிறகு சொல்கிறேன்.

விடுமுறை முடியும் நாள் எது என்பதை அனுமதிக் கடிதத்தில் உள்ளபடி குறித்துக்கொள்ளுங்கள். நாட்டை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து மனக்கணக்காக எண்ணவேண்டாம். அந்த நாளுக்கு அடுத்த வேலைநாளில் கடமைக்குச் சமுகம் தராவிட்டால், பதவியை வெறிதாக்கியவராகக் கருதும் கடிதம் வரும். அதை நீக்குவதற்கு மேன்முறையீடு எழுதி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஆசிரியர்களை நான் அறிவேன். ஆகவே சில மாதங்களுக்கு முன்பே, அதிபர் ஊடாக, வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடமைக்குத் திரும்பும் எண்ணத்தை எழுத்தில் அறிவியுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியதற்கான வங்கிப் பற்றுச்சீட்டுகள், பணியகப் பதிவு, விதவைகள், தபுதாரர்கள், அநாதைகள் ஓய்வூதியத்துக்குச் செலுத்திய தவணைகள் ஆகியவற்றின் விபரங்களை ஒரே கோவையில் சேர்த்து வையுங்கள். பழைய பாடசாலை கிடைப்பது உரிமை அல்ல. ஆனால் அங்கே அந்தப் பாடத்துக்கு வெற்றிடம் இருந்து, அதிபரும் எழுத்தில் கோரினால், கிராமத்துப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியருக்கு இடம் மறுக்கும் அதிகாரியை நான் இதுவரை கண்டதில்லை. வரமாட்டேன் என்று சொல்பவர்களை வரவழைப்பதுதான் அவர்களுடைய வழக்கமான சிக்கல்.

இனி என் அபிப்பிராயம். 2009 இல் போர் முடிந்தபின், இடம்பெயர்ந்தோருக்கான மனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழே நாங்கள் வகுப்புகளைத் தொடங்கியபோது, ஆங்கிலப் பாடத்தை எடுத்தவர்களில் பலர் உயர்தரம் முடித்த தொண்டர் ஆசிரியர்கள். 2012 இல் அந்த முகாம் மூடப்பட்டு மக்கள் ஊர்களுக்குப் போன பின்னரும் இந்தக் குறை போகவில்லை. ஏ9 வீதியை அண்டிய பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் வருகிறார்கள். உள்ளே காட்டுக் கரையோடு இருக்கும் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்றவர்கள், கட்டாயக் காலம் முடிந்த மறுநாளே இடமாற்ற விண்ணப்பம் போடுகிறார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், ஒரு நாளைக்கு இரண்டு பேருந்தே ஓடும் வழியில் குடும்பத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் பிள்ளைகளுக்கு ஆறாம் தரத்தில் ஒருவர், ஏழாம் தரத்தில் இன்னொருவர், எட்டாம் தரத்தில் எவரும் இல்லை என்று ஆகிவிடுகிறது. ஒன்பதாம் தரத்தில் நான் போய்ப் பார்த்தால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவரும், பந்தி எழுதக்கூடியவரும் ஒரே வாங்கில் இருப்பார்கள். நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பேசாத பிள்ளைகள் கூச்சத்தால் மட்டும் பேசாமல் இருப்பதில்லை. பேசிப் பழகுவதற்கு ஒரே ஆசிரியர் தொடர்ந்து இரண்டு ஆண்டாவது அவர்கள் முன் நின்றதே இல்லை.

தாராளமாகப் பேசுகிற பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கிய அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. அதை மறுபக்கமாகத் திருப்பிச் செய்வதற்கு வன்னியில் இடமும் தேவையும் உண்டு. ஆயினும் வீட்டுக் கடனை முடிக்காமல் ஓடிவாருங்கள் என்று சொல்வது என் போன்ற ஓய்வூதியக்காரருக்கு எளிது. கடன் எவ்வளவு மாதத்தில் முடியும் என்பதைக் கணவரோடு இருந்து பாருங்கள். முடிந்தால், பரீட்சைக்கு முந்திய மாதங்களில் மகளுக்குப் பக்கத்தில் இருங்கள். அந்தப் பரீட்சையின் பெறுபேற்றை நான் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் அந்த மாதங்களில் வீட்டில் ஏறும் பதற்றத்தை மாமி தனியே தாங்கக்கூடாது.


விசுவமடுவாள் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். திரும்பி வந்தால் சம்பளம் குறையும் என்ற பயம் பரந்தன் ரீச்சருக்கு இருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன். நான் வளைகுடா நாடொன்றில் பாலர் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்துவிட்டுத் திரும்பியவள், அரச நியமனம் இல்லாதவள். இப்போது வீட்டிலிருந்து சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு சூம் வழியாகத் தமிழ் கற்பிக்கிறேன். வெளிநாட்டில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்துப் பழகியது இதற்கு மிகவும் உதவுகிறது, ஏனென்றால் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டில் காதில் விழும் மொழியாக மட்டுமே இருக்கிறது. பத்து வயதுப் பையன் ஒருவன் "அம்மம்மா என்னைக் கூப்பிட்டவ" என்று அழகாகச் சொல்வான். அதையே எழுதச் சொன்னால், உயிர்மெய் எழுத்துகளின் கொம்பும் காலும் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அட்டையில் வெட்டிய கொம்புகளையும் கால்களையும் கமராவுக்கு முன்னால் நகர்த்திக் காட்டித்தான் அவனுக்குப் பழக்கினேன்.

வருமானம் நிலையானதல்ல. அவர்களுடைய கோடை விடுமுறையில் வகுப்புகள் பெரும்பாலும் நின்றுவிடும். ஐரோப்பாவில் கோடையில் எங்களுக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நான்கரை மணி. ஆகவே அவர்கள் பாடசாலை முடித்து ஐந்து மணிக்கு இருந்தால் இங்கே இரவு எட்டரை அல்லது ஒன்பதரை. மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் வகுப்பும் நிற்கும் என்பதால் மின்கலமும் இரண்டு வலையமைப்புகளின் சிம் அட்டைகளும் வைத்திருக்கிறேன். பெரிய வசதி என்று சொல்லமாட்டேன், ஆனால் இரவு வகுப்பு முடிந்ததும் பக்கத்து அறையில் என் பிள்ளைகள் நித்திரையாக இருப்பார்கள்.


பூந்தோட்டம் ஐயா எழுதியது:

விசுவமடு மகள் சொன்னது நல்ல வழிதான். ஆனால் பரந்தன் மகள் அரச சேவைக்குத் திரும்பினால், சம்பளத்துக்காக வேறு வேலை செய்வது குறித்து அரச ஊழியருக்கான விதிகளாகிய தாபனக் கோவையில் கட்டுப்பாடுகள் உள்ளன. அனுமதியை எழுத்தில் பெறாமல் இணையவழி வகுப்புகளை ஆரம்பிக்கவேண்டாம்.


பரந்தன் ரீச்சர் எழுதியது:

ஐயாவுக்கும் விசுவமடு அக்காவுக்கும் நன்றி. நேற்று இரவு கணவரோடு தொலைபேசியில் இருந்து கணக்குப் பார்த்தோம். சிறுபோகத்துக்கு இந்தமுறை எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் தருவதாகக் கூட்டத்தில் முடிவானால், அந்த நெல்லையும் சேர்த்து, பாடசாலை ஒப்பந்தத்தை இன்னும் சில மாதங்கள் நீடித்தாலே வீட்டுக் கடன் முடிந்துவிடும். முழு ஆண்டுக்குப் பதிலாக ஒரு தவணைக்கு மட்டும் நீடிக்க முடியுமா என்று இங்குள்ள அதிபரிடம் இன்று கேட்டேன். அமைச்சுக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். முடியாது என்றால் ஒப்பந்தம் முடியும் நாளோடு புறப்படுகிறேன். மாலே நிறுவனத்துக்கு வரவில்லை என்று எழுதியாயிற்று. வலயத்துக்கான கடிதத்தை நாளைக்கு ஊர் அதிபருக்கு அனுப்புகிறேன்.


நந்திக்கடல் எழுதியது:

நல்லது ரீச்சர். புறப்படுவதற்கு முன் ஓர் அலுவலை மட்டும் பின்போடாமல் செய்யுங்கள். அங்குள்ள பாடசாலையில் அனுபவச் சான்றிதழ் கேட்கும்போது, கற்பித்த தரங்கள், பாடம், தொடங்கிய நாள், முடிந்த நாள் ஆகிய எல்லாம் இருக்கும்படி கடிதத்தாளில் எழுதி, அதிபரின் ஒப்பமும் முத்திரையும் பெற்று, மூலப்பிரதியாகவே இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். தீவை விட்டு வந்தபின் அதை எடுப்பது கடினம். அதிபரும் மாறிவிட்டால் உங்களைத் தெரிந்தவர்களே அங்கே இருக்கமாட்டார்கள்.